கழுவிப்போனது போக மேலே வந்தது

1

என் விரலில் ரேகை இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டது.

இந்த வருடம் லீவில் ஊருக்குப் போனபோது படப்பையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் எடுத்தாயிற்று. ஓமானில் இருப்பதால் நான் பாக்கி. ஷிப்ட், ஷிப்ட் என்று என் மனைவி மகேஸ்வரியும் எடுக்காமல் விட்டிருந்தாள். இரண்டு பேரும் போய் வரிசையில் நின்றோம். பத்து வயது மகள் கீர்த்தனா வேடிக்கை பார்க்க வந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என்னை விரலை வைக்கச் சொன்னாள். எடுக்கச் சொன்னாள். துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள்.

"அண்ணா, நீங்க இன்னா வேல செய்றீங்க?"

"கடல்ல மண்ணு எடுக்கறேம்மா."

"கடல்ல மண்ணா? மீனுன்னு சொல்லுங்க."

பின்னால் நின்றிருந்த ஒருவர், "ரேக இல்லாத ஆளு குடுத்துவெச்சவரு. எந்த வூட்ல வேணா கன்னம் வைக்கலாம், போலீஸுக்கு ஒன்னும் தெர்யாது" என்றார். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேகை இல்லாதவனுக்கு அட்டை தருவார்களா, அட்டை இல்லாவிட்டால் நாளைக்கு வங்கியில் என்ன கேட்பார்கள், திரும்பிப் போகும்போது விமான நிலையத்திலும் இதே மாதிரி விரல் வைக்கிற கண்ணாடி வைத்திருந்தால் என்ன செய்வது என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் இரண்டு சுண்டு விரல்களை மட்டும் மெஷின் ஏற்றுக்கொண்டது. மற்றதற்கு ஏதோ பட்டனை அமுக்கிச் சமாளித்தாள்.

அடுத்தது மகேசு. அவள் விரலையும் மெஷின் முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை.

"இன்னாக்கா, உங்க வூட்ல ரெண்டு பேருக்குமே இப்படியா?"

"லைன்ல வேல. அப்படித்தான் இருக்கும்" என்றாள் மகேசு, சட்டென்று.

அவள் விரல் நுனிகளில் மெல்லிய வெட்டுக் கோடுகள் இருந்தன. காகிதம் கிழித்தால் வருமே, அந்த மாதிரி. அவள் வேலை செய்கிற செல்போன் சார்ஜர் கம்பெனியில் காகிதத்துக்கு என்ன வேலை என்று ஒரு நொடி தோன்றியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயப்படுகிறவன் நான். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. என் ரேகையைப் பற்றிய கவலையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

2

கடலில் மண் எடுப்பது என்றால் என்ன என்று ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. நீங்களாவது கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

துறைமுகத்தை ஆழப்படுத்துகிறவர்கள், கடலுக்குள் குழாய் பதிக்கிறவர்கள் எல்லோருக்கும் முதலில் கரையோரக் கடலின் தரை எப்படி என்று தெரிய வேண்டும். மணலா, சேறா, பாறையா. வழவழப்பா, சொரசொரப்பா. அதைப் பார்த்துச் சொல்கிற படகில், கயிற்றை இறக்கி ஏற்றுகிற வின்ச்சை நான் ஓட்டுகிறேன். படகுக்குப் பின்னால் வால் வைத்த ஒரு கருவியை இழுத்துக்கொண்டு போவோம். அதற்குப் பெயரே மீன். அது தரைக்கு ஒலி அனுப்பும், திரும்பி வருகிற ஒலியை வைத்துத் திரையில் படம் விழும். சொரசொரப்பான இடம் வெளிச்சமாக, வழவழப்பான இடம் இருட்டாக. மணலில் அலை போட்டுவிட்டுப் போன வரிகள்கூடத் தெரியும்.

"அடி சொரசொரன்னு இருந்தா, மேல ஓடற தண்ணி அங்க தடுக்கும் முனுசாமி. அத வெச்சுத்தான் மண்ணு எந்தப் பக்கம் போகும்னு கணக்கு" என்பார் பிஜு சார். ஆலப்புழைக்காரர், எங்கள் படகின் சர்வே இன்ஜினியர். முனுசாமி என்பது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் கடைசியில் எது இருக்கிறதோ அதுதான் இங்கே பெயர். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியை விட்டு அதிகம் நகராமல் செத்துப்போன மனிதரை, அவர் பார்த்தேயிராத கடலில் தினமும் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

படம் மட்டும் போதாது. படத்தில் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு இடத்தில் ஒன்று மணலாக இருக்கும், ஒன்று சிப்பி உடைசலாக இருக்கும். அதனால் கிராப் இறக்குவோம். இரண்டு தாடை உள்ள இரும்பு வாய். திறந்தபடி கீழே போகும். தரையில் உட்கார்ந்ததும் கயிறு தளரும், கொக்கி விடும், மேலே இழுக்கும்போது தாடை மூடி ஒரு வாய் மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். அதைத் தட்டில் கொட்டி, விரலால் தேய்த்துப் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் ஒரு துளியைப் பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். நறநறவென்றால் வண்டல், வெண்ணெய் மாதிரி போனால் களி. சல்லடையில் போட்டு விரலாலேயே அலசுவோம். எட்டு வருடம் இப்படித் தேய்த்தால் ரேகை எங்கே நிற்கும்.

ஃபைன் சாண்ட், கோர்ஸ் சாண்ட், சில்ட், கிளே, ஷெல், ராக். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கடலுக்கு அடியில் இருப்பது. தரைக்கு மேலே எனக்கு இங்கிலீஷ் கிடையாது. போனில் கீர்த்தி தன் ஸ்கூலில் நடந்ததைச் சொல்லும்போது பாதி வார்த்தைக்கு "சரிம்மா, சரிம்மா" என்பேன். இரண்டு வருடம் முன்னால் வரை தமிழில் மறுபடி சொல்வாள். இப்போது, "உனக்குப் புரியாதுப்பா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று போனை மாற்றிவிடுகிறாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். யாரும் நிறுத்தவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஒருநாள் போகவில்லை. போகாததற்கு அடிப்பார்களே என்று பயந்து மறுநாளும் போகவில்லை. அப்படியே படிப்பு விட்டுப்போனது. பிறகு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரியில் ஹெல்ப்பர். பக்கத்து ஒரகடத்தில் பொட்டல் காடெல்லாம் காம்பவுண்டு சுவராக மாறிக்கொண்டிருந்த சமயம் அது. கம்பெனி எழும்புவதற்கு முன்னால் தண்ணீர் வேண்டும், அதனால் எங்களுக்கு ஓயாத வேலை. லாரி ஓனரின் சிநேகிதர் ஒருவர் கயிறு, வின்ச் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். 2007இல் இங்கே வந்தேன். கீர்த்திக்கு அப்போது இரண்டு வயது.

வந்த புதிதில் என் கிராப் அடிக்கடி காலியாக வரும். தரையில் மோதி உடைந்துவிடுமோ என்று அடி நெருங்கும்போது வின்ச்சை மெதுவாக்குவேன். அலை படகைத் தூக்கி இறக்கும்போது கயிறு தளரும். தரையைத் தொடாமலே கொக்கி விட்டுவிடும். மூடிய வாயில் வெறும் தண்ணீர் வரும்.

"முனுசாமி, உன் கை பயந்த கை. தரையை நம்பி விடு" என்பார் பிஜு சார்.

இன்னொன்றும் நடக்கும். தாடைக்கு நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டிக்கொள்ளும். வாய் சரியாக மூடாது. மேலே வருகிற வழியெல்லாம் அந்த இடுக்கில் தண்ணீர் ஓடி, மெல்லிய சேறு முழுக்கக் கழுவிப் போய்விடும். தட்டில் கொட்டினால் சுத்தமான கெட்டி மணல் இருக்கும், பார்க்க அழகாக. அதை எழுதிவைத்தால் பொய். எடுத்துக் கடலில் வீசிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

3

என்னிடம் வீட்டுச் செய்தி சொல்வது எப்படி நின்றுபோனது என்று எனக்குத் தெரியும்.

கீர்த்திக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மகேசு காலையில் சொன்னாள், மருந்து கொடுத்தாயிற்று, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஷிப்ட்டுக்குப் போகிறேன் என்று. நான் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அவர்கள் எடுக்கவில்லை. மருந்துக் கடைக்குச் செய்தேன். ரேஷன் கடைக்காரரிடம் நம்பர் இருந்தது, அவரை வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னேன். அதுவும் போதாமல் கம்பெனி கேட்டுக்கே போன் செய்து, குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டேன். செக்யூரிட்டி ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் சொல்ல, அவர் லைனில் இருந்து மகேசுவைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து பார்த்தால் கீர்த்தி இட்லி தின்றுகொண்டிருந்தாள். பிறகு ரொம்ப நாளைக்குக் கம்பெனி பஸ்ஸில் மகேசுவைப் பார்த்தால், "இன்னாடி, இன்னிக்கு உன் வூட்டுக்காரரு போன் பண்லியா? அப்ப லைன் ஓடும்" என்பார்களாம்.

அதற்குப் பிறகு நான் எப்போது போன் செய்தாலும் ஒரே பதில். "எல்லாம் நல்லா கீது மாமா. நீ சாப்ட்டியா?" மகேசு என் தாய்மாமன் மகள், சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவாள். நல்லா கீது என்று கேட்டதும் எனக்கு உயிர் வரும். அது உண்மையா என்று நான் தோண்டவில்லை. தோண்டினால் என்ன வருமோ என்று பயம்.

போன வருடம், மகேசு கம்பெனி சார்ஜர் செய்துகொடுக்கிற பெரிய செல்போன் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று படகிலேயே பேச்சு வந்தது. உடனே போன் செய்தேன். "அது வேற மாமா. எங்களுக்கு வேற எடத்துலேர்ந்து ஆர்டரு வருது. நாங்க சார்ஜருதான, போனு இல்லியே" என்றாள். அழகாக இருந்தது, நம்பினேன்.

இந்த வருடம் லீவுக்குப் போனேன். நான் வந்ததற்காக அவள் லீவு போட்டிருப்பதாகச் சொன்னாள். ஆணியில் ஐடி கார்டு தொங்கியது. நீலக் கோட்டு மடித்து வைத்திருந்தது. நாள் ஆக ஆக எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் லீவு போட்டால் கம்பெனியில் விடுவார்களா.

"போதும் மகேசு. நாளைக்கு வேலைக்குப் போ. எனக்காக வேல போனா நல்லா இருக்காது."

"அதெல்லாம் ஒன்னும் ஆவாது மாமா."

"ஆவாதுன்னு நீ சொல்ற. அவன் சொல்லணுமே."

இப்படியே அரித்தெடுத்தேன். கடைசியில் ஒரு காலை நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் விடவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கூடவே போனேன். ஸ்கூல் பையோடு கீர்த்தியும் வந்தாள். மெயின் ரோட்டில் நின்றோம். ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின, எதுவும் எங்களுக்கு நிற்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்து சரியாக மகேசு முன்னால் நின்றது.

ஓட்டுகிற ஆள் தலையை நீட்டினார். "இன்னாக்கா, மாறுவேஷமா? கோட்டெல்லாம் போட்டுகினு. சார்ஜர் கம்பெனிய தொறந்துட்டானா இன்னா?"

மகேசு ரோட்டையே பார்த்தாள்.

கீர்த்தி என் பக்கம் திரும்பினாள். "அந்த அங்கிள் பெரிய போன் கம்பெனிய சொல்றாருப்பா. அதத்தான் மூடிட்டாங்க. அம்மா கம்பெனி வேற."

ஒரு திக்கல் இல்லை. கண் என் கண்ணை விட்டு நகரவில்லை. பத்து வயதுக் குழந்தை அவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எத்தனை தடவை பழகியிருக்க வேண்டும்.

ஆட்டோக்காரருக்கு அப்போதுதான் என்னைத் தெரிந்தது. "அட, வெளிநாட்டு அண்ணனா? எப்ப வந்தீங்கண்ணே?" என்றவர், மகேசுவிடம், "சீக்கிரம் ஏறுக்கா. அட்டப்பொட்டி கம்பெனில லேட்டா போனா அந்த சூப்பர்வைசரு பேயா கத்துவான்னு நீதான சொன்ன? பதினஞ்சு நாளா ஆள காணோம்னு அங்க கேட்டுகினு கீறாங்க" என்றார்.

மகேசு, "நீ போப்பா, நான் வர்ல" என்றாள். ஆட்டோ போய்விட்டது. கீர்த்தி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அவள் ஸ்கூல் வேன் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். பாதி வழியில் அவளே பேசினாள்.

"மூடி மாசக்கணக்கா ஆவுது மாமா. செட்டில்மென்ட் குடுத்தான், கையெழுத்து வாங்கினான், அனுப்பிட்டான். அப்பால ஒரகடத்துல பொட்டி மடிக்கிற வேல. காண்ட்ராக்ட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? அந்தப் போட்டுல நின்னுகினு பயப்படுவ. தெனம் பத்து வாட்டி போன் பண்ணுவ. வேல போன துக்கத்தவிட உன்ன சமாதானம் பண்றதுதான் எனக்குப் பெரிய வேல. அதுக்குத் தனியா ஒரு ஷிப்ட்டு போவணும் மாமா. எனக்கு நேரம் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் முத்துலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், மகேசுவோடு அதே லைனில் இருந்தவள், அவளுக்கும் வேலை போய் இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, அக்காவ ஏசிராதிய. நானும்தான் சொல்லல. ஒங்களுக்கு வெசனம் தாங்காதுன்னு தெருவுக்கே தெரியும்."

சாயங்காலம் கீர்த்தி வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன், இன்னும் என்னென்ன சொல்லவில்லை என்று. திட்டுவேன் என்று முதலில் பயந்தாள். திட்டவில்லை என்றதும் உற்சாகம் வந்துவிட்டது. சைக்கிளில் விழுந்து கை முறிந்து கட்டுப் போட்டது. பாத்ரூம் சுவர் மழையில் சரிந்தது. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து முத்துலட்சுமி அக்கா சமைத்துப் போட்டது.

"கட்டுப் போட்டப்ப வீடியோல பேசினியேம்மா?"

"போன இந்தக் கையால புடிச்சிகினேன்ப்பா. அந்தக் கை தெரியாது."

வாய் மூடாத கிராப் என்று உங்களுக்குச் சொன்னேனே. ஆறு வருடமாக எனக்கு வந்த வீட்டுச் செய்தி எல்லாம் அப்படிக் கழுவிப்போனது போக மேலே வந்ததுதான். இடுக்கில் மாட்டிய கல் நான்.

4

திரும்பி வருவதற்கு முந்தின நாள் முடிவு சொன்னேன். அக்டோபரில் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டேன், ஊரோடு வந்துவிடுகிறேன். நீ பட்டது போதும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

"வா மாமா. உன் வூடு, நீ வர்றதுக்கு இன்னா" என்றாள் மகேசு.

கீர்த்தியிடம் தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். இனிமேல் போனில் முதலில் கெட்டதைச் சொல்ல வேண்டும், நல்லதை அப்புறம். நான் பயப்பட மாட்டேன், கத்த மாட்டேன், வேறு யாருக்கும் போன் செய்ய மாட்டேன். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

"ப்பா, இன்னிக்குக் கெட்டது, ரேவதி என் ஜாமெட்ரி பாக்ஸ ஒடச்சிட்டா."

"சரி. அப்பால?"

"கணக்குல ஃபெயிலு."

கணக்கு என்றதும் எனக்கே எட்டாம் வகுப்புப் பெஞ்சு நினைவுக்கு வரும். வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சரி. அப்பால?" என்பேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாட்டை, பாறையில் மாட்டிய நங்கூரத்தை எடுக்கக்கூடப் பட்டதில்லை. ஆனால் வாரம் போகப் போக அவள் நிறையப் பேச ஆரம்பித்தாள். போனை அம்மாவிடம் மாற்றுவது குறைந்தது. அந்தச் சந்தோஷம்கூட எனக்குக் குற்றமாகவே பட்டது. குழந்தை கணக்கில் ஃபெயிலானதால்தானே நான் அவளோடு கால் மணி நேரம் பேச முடிகிறது.

பிஜு சார் புதிய ஒப்பந்தத் தாளைக் கொடுத்தார். "வேணாம் சார், ஊருக்குப் போறேன்" என்றேன்.

"போய்?"

"பாக்கணும் சார்."

அவர் தாளை என் பையிலேயே செருகிவிட்டார். போய் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வயது, எட்டாவது படிப்பு. ஒரகடத்தில் கடல் கிடையாது. தெற்கேயிருந்து வருகிற இருபது வயதுப் பையன்களுக்கே லைனில் இடம் இல்லை. எனக்குக் கிடைத்தால் ஏதாவது கேட்டில் செக்யூரிட்டி வேலை கிடைக்கும், அதுவும் மகேசு போகிற கம்பெனி கேட்டாக இருந்தால் என்ன செய்வது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தனியாகப் பட்டதற்கு முன்னால் இது என்ன பெரிது என்று அமுக்கிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம். படகைக் கட்டிவிட்டு படகுத்துறையிலேயே உட்கார்ந்து போன் செய்தேன். கீர்த்தி எடுத்தாள்.

"ப்பா, ஒரு கெட்டது கீது. ஆனா சொன்னா அம்மா அடிக்கும்."

"அடிக்காது. சொல்லு."

"நீ கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்கல. சொல்லும்மா."

"நீ வந்துடறேன்னு சொன்னதுலேர்ந்து அம்மா சரியா சாப்பிட்றதில்ல. நேத்து முத்துலட்சுமி அக்காகிட்ட சொல்லிகினு இருந்துச்சி. 'அவரு வந்துட்டா இந்த வூட்ல யாரும் நிம்மதியா தும்மக்கூட முடியாதுடி'ன்னுச்சி. அப்பால அழுதுச்சி."

நான் "சரி" என்றேன். "அப்பால?" என்று வரவில்லை.

"ப்பா? கோச்சிக்கினியா?"

"இல்லம்மா. நீ சொன்னதுதான் கரெக்ட்டு."

"தும்மினா இன்னாப்பா? நான் தும்மினா நீ திட்டுவியா?"

"மாட்டேன்டா."

5

இரண்டு நாள் போன் செய்யவில்லை. எட்டு வருடத்தில் அப்படி இருந்ததில்லை. மூன்றாம் நாள் மகேசுவே கூப்பிட்டாள். அடுப்படியில் நின்று பேசினாள், பக்கத்தில் குக்கர் சத்தம் கேட்டது.

"இன்னா மாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லா இருக்கேன். மகேசு, ஒன்னு கேக்கறேன். கழுவாம சொல்லு."

"இன்னா கழுவாம?"

"மறைக்காம சொல்லுன்னு சொல்றேன். நான் வரட்டுமா, வேணாமா?"

"இன்னா பேச்சு இது. உன் வூட்டுக்கு நீ..."

"அத விடு. நான் பயப்பட மாட்டேன். சொல்லு."

கீர்த்தி சொல்லிவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். கேட்கவில்லை.

"இப்ப வராத மாமா" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. "எல்லாத்தையும் ஒருத்தியா முடிவு பண்ணிப் பழகிட்டேன். கை ஒடஞ்சிச்சின்னா தூக்கிகினு ஓடணும், செவுரு விழுந்துச்சின்னா ஆள கூப்புடணும், வேல போனா வேற வேல பாக்கணும், அவ்ளோதான். நீ பக்கத்துல நின்னுகினு 'இன்னா ஆவும், இன்னா ஆவும்'னு கேட்டுகினே இருந்தீன்னா எனக்குக் கை ஓடாது. உன்மேல ஆசை இல்லன்னு நெனச்சிக்காத. வேல இல்லாம நீ வூட்ல குந்திகினு என்ன பாத்துகினு இருக்கறத நெனச்சா எனக்கு மூச்சு முட்டுது. இன்னொரு வருஷம் போவட்டும். நான் ஒரு நெலைக்கு வரேன்."

"சரி" என்றேன்.

"கோவமா?"

"கோவம் இல்ல."

"அழுவுறியா?"

"இல்ல மகேசு."

அழவில்லை. எதிரே துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி எனக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். பெண்டாட்டி வராதே என்று சொன்னால் ஒரு மனிதனுக்கு என்ன நடக்க வேண்டுமோ அது நடக்கவில்லை. மாதக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்த பயம் விட்டுவிட்டது. மூச்சு தாராளமாக வந்தது. செக்யூரிட்டி கேட்டு இல்லை, படகு இருக்கிறது, பையில் தாள் இருக்கிறது. அதை உணர்ந்த அடுத்த நொடியே அவமானமாக இருந்தது. அவளிடம் மட்டும் உண்மையைக் கேட்டுவிட்டு இதை நான் வைத்துக்கொண்டால் என்ன நியாயம்.

"மகேசு, நானும் ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"நீ வராதன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பைத் தணிக்கிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"தெரியும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீ வரலன்றத இப்ப கீர்த்திகிட்ட சொல்லாத மாமா. அப்பா அக்டோபர்ல வருதுன்னு ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்குது" என்றாள்.

அவள் முடிப்பதற்குள் பின்னால் கீர்த்தியின் குரல் கேட்டது, அப்பாவா, குடு குடு என்று. போன் கை மாறியது.

"ப்பா, ஏன் ரெண்டு நாளா பேசல? அம்மா இன்னா சொல்லிச்சி? ஏன் அம்மா மொகம் ஒரு மாரி கீது?"

"ஒன்னுமில்லம்மா. சும்மா பேசிகினு இருந்தோம்."

"கெட்டது ஏதாச்சுமா?"

"இல்லடா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

எட்டு வருடத்தில் முதல் தடவையாக, போனில் என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.